ஒதுக்கி வைத்த ஏழு குழல்கள்

"இந்த ஏழும் வேணாங்க. தூக்கிப் போட்டுருங்க."

"ஏழா? அம்புட்டையும் கழிச்சா நான் எங்கிட்டுப் போறது புள்ள? நாப்பது வேணும்னு சொன்னேன்ல?"

"இருந்தது நாப்பத்து நாலு. ஏழு போனா முப்பத்தேழு. அதுக்கு நான் என்ன செய்ய? மிச்சம் மூணைப் பெத்தா தர முடியும்?"

"நீ பெத்துத் தந்தாலும் தருவ. அந்த வாய் அப்படி."

"என் வாயை விடுங்க. சத்தத்தைக் கேளுங்க. இது நல்லது, கேட்டுச்சா? இப்ப இது. கேட்டுச்சா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"ஒங்களுக்கு நானும் எங்க மதினியும் பேசுனாக்கூட ஒண்ணாத்தான் இருக்கும்."

அதற்கு நல்லதம்பி விழுந்து விழுந்து சிரித்தான். கழித்த ஏழு தோட்டாக் குழல்களையும் ஒரு பழைய கடுகு டப்பாவில் போட்டு மூடி மனைவி அமிர்தவல்லி நீட்டியபோது, சிரிப்பு அடங்காமலேதான் வாங்கிக்கொண்டான்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சில் ஒரு சொல்கூட அமிர்தவல்லிக்கு மறக்கவில்லை. தாம் இருவரும் கடைசியாக அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்பதும் மறக்கவில்லை.

அரிமளத்துக்கு மேற்கே, காட்டை ஒட்டி நல்லதம்பிக்கு மூன்று ஏக்கர் கடலைக் கொல்லை. காட்டுக்குப் பக்கத்தில் கொல்லை வைத்திருப்பவன் பாதி தனக்கும் பாதி பன்றிக்குமாகத்தான் விதைக்க வேண்டும். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருடம், வேட்டைக்கென்று வைத்திருந்த பழைய துப்பாக்கிகள் பல கைமாறின. அதில் ஒன்று, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் கனத்த ரைபிள், திருச்சியில் லைசென்ஸ் வாங்கி நல்லதம்பியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. துப்பாக்கி வந்துவிட்டது. தோட்டாதான் கட்டுப்படியாகவில்லை. புதுத் தோட்டா ஒன்று வாங்கும் விலைக்குச் சுட்டுக் காலியான பித்தளைக் குழல் எட்டு வாங்கலாம். குழல் கெடாமல் இருந்தால் தீப்பற்ற வைக்கும் புது கேப்பும் மருந்தும் ஈயக்குண்டும் வைத்து மறுபடி மறுபடி சுடலாம். புதுக்கோட்டையில் துப்பாக்கிச் சாமான் கடை வைத்திருந்த முகம்மது சுல்தான் பாய் அந்தக் காலிக் குழல்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்.

"மலிவாத்தான் தாரேன் தம்பி. ஆனா பொறுக்கத் தெரியணும். பித்தளைக்கும் வயசு உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் வீங்கிச் சுருங்கி, ஒருநாள் பொறுமை இழந்துரும்" என்று முதல் நாளே சொல்லித்தான் கொடுத்தார்.

நல்லதம்பிக்குப் பொறுக்கத் தெரியாது. அமிர்தவல்லிக்குத் தெரிந்திருந்தது. அது அவளே எதிர்பாராதது.

அவள் புதுக்கோட்டைக் கீழ ராஜ வீதியில் பாத்திரக்கடைக்காரர் வீட்டுப் பெண். கும்பகோணத்திலிருந்து பாத்திர மூட்டை வந்து இறங்கினால், பாவாடையைச் சுற்றிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு செம்பையும் விரலால் சுண்டிப் பார்ப்பது அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிந்துவிடும். நல்ல செம்பு சத்தத்தை இழுத்துக்கொண்டு போகும். கீறல் விட்டது சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிவிடும். கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், புருஷன் பரப்பி வைத்திருந்த குழல்களில் ஒன்றை விளையாட்டாக எடுத்துச் சுண்டியவள், "இது கீறலுங்க" என்றாள். அவன் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒன் தலை" என்றான். அடுத்த வாரம் அதே குழல் வாய் பிளந்து வெளியே வந்தது.

அதற்குப் பிறகு அவள் தொடாமல் ஒரு குழலிலும் அவன் மருந்து போட்டதில்லை. அவளும் தொழிலில் இறங்கிவிட்டாள். கொண்டை ஊசியின் நுனியை வளைத்துக் குழலுக்குள் விட்டு, அடிப்பக்கம் உள்சுவரைத் தடவிப் பார்ப்பாள். ஊசி எங்கேயாவது தடுக்கினால் அங்கே பித்தளை இளைத்துப் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த வெடியிலோ அதற்கடுத்ததிலோ அந்த இடத்தில் அறுந்துபோகும். மங்கலான குழல்களைத்தான் அவள் நம்புவாள். பளபளவென்று இருந்தால், "புளி போட்டுத் தேச்சவன் எதையோ மறைக்கிறான்" என்று தனியே வைத்து இரண்டு தடவை பார்ப்பாள். மற்றப் பெண்களுக்குப் புருஷன் டவுனிலிருந்து அல்வாப் பொட்டலம் வாங்கி வருவான். இவளுக்குக் காலிக் குழல் வந்தது. அதில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் "ம்" என்றால் வலப்பக்கமும் "ஊஹூம்" என்றால் இடப்பக்கமுமாக அவன் எடுத்து வைத்த அந்தப் பொழுதுகளில்தான், முன்பின் தெரியாத ஒருவன் அவளுக்குப் புருஷனானான்.

ஏழு குழல்களைக் கழித்த அந்த வருடம் கார்த்திகையில், தங்கையையும் கைக்குழந்தையையும் பார்க்க அண்ணன் கண்ணுசாமி வந்திருந்தான். சாயங்காலம் கொல்லைக்குப் போனவர்கள் பன்றிக் கூட்டம் இறங்குவதைப் பார்த்தார்கள். "மாப்புள, எத்தனை நாளைக்குத் தராசையே தூக்குறது? ஒரே ஒரு தடவை குடுங்க" என்று கண்ணுசாமி கேட்டான். மச்சான் கேட்டு மாப்பிள்ளை மறுப்பானா? துப்பாக்கி கைமாறியது. வெடித்த வெடி முன்னால் போனது போக, பின்பக்கமாகவும் வந்தது. குழல் அடியில் அறுந்து, நெருப்பும் பித்தளைத் துணுக்கும் கண்ணுசாமியின் வலது கண்ணில் அடித்தன.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், கண்ணை எடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, அவளுடைய அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏட்டையா கொண்டுவந்து காட்டிய அறுந்த குழலை அவரும் பார்த்திருந்தார். பித்தளையோடு வாழ்ந்த மனிதர். பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் யாரு பொறுக்குனது?" என்று கேட்டார்.

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நான்தாம்ப்பா" என்றாள் அமிர்தவல்லி.

அவர் மகள் பக்கம் திரும்பினார். "ஒன் காதை நம்பி நான் கடையையே விட்டிருந்தேனே தாயி" என்றார். அவ்வளவுதான்.

அப்போதே அவளுக்கு உண்மை தெரியும். குழந்தைக்குத் துணி எடுக்க முந்தின நாள் வீட்டுக்கு வந்தவள், என்னவோ தோன்றிக் கடுகு டப்பாவைத் திறந்தாள். ஏழுக்கு நாலுதான் இருந்தது. முப்பத்தேழோடு மூன்று சேர்ந்தால் நாற்பது. அந்தக் கணக்குப் போட அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. காணாமல் போன மூன்றும் ஊசி தடுக்கியவை என்பதும் தெரிந்தது.

தெரிந்தும் ஏன் "நான்தாம்ப்பா" என்றாள்? பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டிருக்கிறாள். புருஷனைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மையாகாது. தான் அப்படிச் சொன்ன மறு நொடி, "இல்ல மாமா, அவ கழிச்சதை நான்தான் எடுத்துப் போட்டேன்" என்று அவன் சொல்லிவிடுவான் என்று நம்பியிருந்தாள். அவன் வாய்ச்சொல்லாகவே அது வரட்டும் என்று இடம் விட்டாள். அவன் சொல்லவில்லை. அந்த ஒரு நொடிக்காக அன்று காத்திருக்கத் தொடங்கியவள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணுசாமி தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டான். சத்தம் போட்டு நிறுத்தியிருந்தால் என்றைக்காவது சமாதானமாகியிருக்கும். அவன் ஓசையில்லாமல் நிறுத்தினான். மகள் பிரகதாம்பாளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி இல்லை. நல்லதம்பியின் ஒன்றுவிட்ட மைத்துனன் ஒருவன் மடியில் வைத்துக் குத்தினார்கள். பிள்ளை அழுததைவிட அம்மா அழுததுதான் அதிகம். மூன்று வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது போனாள். வாசலில் கால் வைத்ததுமே மதினி அழகி, "வழி விடுங்க, காதுக்காரி வந்துட்டா. எங்க வீட்டுச் செம்பெல்லாம் நல்லாருக்கான்னு சுண்டிப் பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். கூடத்தில் கண்ணுசாமி இருந்தான். ஒற்றைக் கண்ணால் தங்கையைப் பார்த்துவிட்டு, அதையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். மகள் சரியாகத்தான் பொறுக்கினாள் என்பது தெரியாமலே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் காலடியில் உட்கார்ந்து அன்றைக்கு அவள் அழுதது அதற்காகத்தான்.

நல்லதம்பி மோசமான மனிதன் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கார்த்திகைக்குப் பிறகு அவன் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வாங்கி வந்தான். அவள் குழம்பில் உப்புப் போட மறந்தாலும் சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்தான். 'என்னடி சமையல் இது' என்று ஒருநாள் தட்டைத் தள்ளமாட்டானா என்று அவள் ஏங்கியதுண்டு. பழைய நல்லதம்பியாக இருந்தால் தள்ளியிருப்பான். அவளும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பாள். கேட்கிற சூட்டில் அந்தக் கேள்வியும் வெளியே வந்திருக்கும். அவன் கொண்டுவந்த பூவைத் தலையில் வைக்கும்போதெல்லாம், சொல்லாத ஒன்றுக்குப் பதிலாகத் தருகிறான் என்றே அவளுக்குப் பட்டது. வாங்கி வாங்கி அவளும் அந்தப் பொய்யில் பங்காளியாகிப் போனாள். அவள் அவனிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் அண்ணனிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று. பொங்கல் போகட்டும் என்று இருந்தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் விடட்டும் என்று இருந்தாள். ஏழு வருடம் போனது.

துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. அவன் அதைத் தொடவில்லை. தகரத்தைத் தட்டியும் தீப்பந்தம் காட்டியும் பன்றியை விரட்டிப் பார்த்தான். இந்த ஐப்பசியில் ஒரே வாரத்தில் பாதிக் கொல்லையை உழுது போட்டுவிட்டுப் போய்விட்டன.

அடுத்து வந்த புதன்கிழமை மத்தியானம் புதுக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த நல்லதம்பி, கையிலிருந்த துணிப்பையைத் தாழ்வாரத்தில் வைத்தான். வைத்த சத்தத்திலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அறுபது இருக்கு. சுல்தான் பாய் கடையில எடுத்தேன். வேண்டியதைப் பொறுக்கிக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் குடுத்தா காசைக் குடுத்துருவேன்னாரு" என்றான்.

"சரி, பொறுக்குங்க."

"நானா?"

"பின்னே? இந்த வீட்டுல வேற யாருக்குக் காது இருக்கு?"

"பாய்கூட ஒன்னத்தான் கேட்டாரு. 'வீட்ல அம்மா பாப்பாங்கள்ல'ன்னாரு."

"ஏன், இன்னும் யாருக்கெல்லாம் ரெண்டு கண்ணு இருக்குன்னு விசாரிச்சாராமா?"

சொல்லிவிட்டு உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு கொத்தவரங்காயை நறுக்க உட்கார்ந்தாள். தன் நாக்கு இவ்வளவு கூர்மையானது எப்போது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தாழ்வாரத்தில் அவன் குழல்களைக் கொட்டினான். அம்மிக்கல்லில் ஒன்றை வைத்துச் சுண்டினான். பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று. அவளால் காதைப் பொத்திக்கொள்ள முடியவில்லை. நல்லது. நல்லது. இது வாய் பிளக்கப் போவது, வலப்பக்கமா வைத்தான்? வலப்பக்கம்தான் வைத்தான், பாவி. நல்லது. அடுத்ததும் நல்லது, அதை ஏன் இடப்பக்கம் தூக்கிப் போடுகிறான்? கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான் போலிருக்கிறது, மூச்சைப் பிடித்துக்கொண்டு. சுண்டுவதற்கும் வைப்பதற்கும் நடுவில் அவ்வளவு நேரம் எடுத்தான். ஒன்பதாவது குழல் சொல்ல வந்ததை விழுங்கியது. அதுவும் வலப்பக்கம் போனது.

"ஐயோ, அது வேணாம்!" என்று அவள் உள்ளிருந்தே கத்திவிட்டாள்.

பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க அங்கிட்டு."

குவியலைக் கலைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். முதலில் அடிப்பக்கத்து முத்திரையைப் பார்த்து ஒரே கம்பெனிக் குழல்களை ஒன்றாகச் சேர்த்தாள். வாயைச் சுற்றிப் பார்த்தாள். சுண்டினாள். தலையிலிருந்து கொண்டை ஊசியை எடுத்து நுனியை வளைத்தாள். கை எதையும் மறக்கவில்லை. அவள் "ம்" என்றதும் அவன் வலப்பக்கம் வைத்தான். "ஊஹூம்" என்றதும் இடப்பக்கம் வைத்தான். ஒரு தடவை இருவர் விரலும் ஒரே குழலில் பட்டன.

முடிந்தபோது வலப்பக்கம் முப்பத்தெட்டு இருந்தது.

"எத்தனை வேணும்?" என்று கேட்டாள். கேட்கும்போது அவனைப் பார்க்கவில்லை.

"முப்பத்தெட்டு போதும்" என்றான்.

எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்து வந்தான். அவள் கழித்த குழல்களில் ஒன்றை அம்மிக்கல்லில் படுக்க வைத்து ஓங்கி அடித்தான். குழல் தகடானது. அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தான்.

"என்னங்க இது? அதைத் திருப்பிக் குடுத்தா காசு வருமுல்ல?"

"வேணாம்."

"ஏங்க, இருபத்திரண்டு குழலு! விலைக்கு வாங்கினதை யாராச்சும் நசுக்குவாங்களா?"

அவன் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் அடித்து, தகடானதா என்று திருப்பிப் பார்த்து, இன்னும் ஒரு அடி அடித்தான். நெற்றியிலிருந்து வியர்வை கல்லில் விழுந்தது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ அடிக்கும்போது, சுத்தியல் சத்தத்துக்கு நடுவே சொன்னான்.

"கழிச்சது கழிச்சதா இருக்கணும். திரும்ப எவனும் எடுத்து உள்ள போட்டுறக் கூடாது."

அமிர்தவல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சுத்தியல் நின்றது.

"அன்னிக்கு மூணு" என்றாள்.

அவன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. "தெரியுமா?" என்று கேட்டான்.

"அண்ணன் ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே. டப்பாவைத் தொறந்து எண்ணிட்டேன்."

"அப்பறம்தான் மாமாகிட்ட... அப்பறம்தான் நீ அப்படிச் சொன்னியா?"

"ஆமா."

"ஏன் அமிர்தம்? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்" என்றாள். "அது என் தப்புத்தான். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். நாளைக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு இருந்தேன். எங்கப்பாவைத் தூக்குற அன்னிக்காச்சும் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

நல்லதம்பி சுத்தியலைக் கீழே வைத்தான். "மூணே மூணுன்னு நெனச்சேன். ஒருதடவை தாங்காதான்னு நெனச்சேன். நாப்பதுன்னு மனசுல விழுந்துருச்சு. ஒனக்குக் கேட்ட சத்தம் எனக்குக் கேக்கல, அதனால நம்பல. கேக்காததுக்காக நம்பாமப் போயிட்டேன்." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. "சொல்லிட்டா நீ எந்திரிச்சு ஒங்க வீட்டுக்குப் போயிருவேன்னு பயந்தேன். ஒன்னைப் போகவிடாம வச்சுக்கிட்டு, ஒனக்குன்னு இருந்த வீட்டை இல்லாம ஆக்கிட்டேன்."

அவள் அவன் தலையைத் தொடக் கையைக் கொண்டுபோனாள். தொட்டால் எல்லாம் இத்தோடு முடிந்துவிடும். அவன் அழுவான், அவள் சமாதானம் சொல்லுவாள், சாயங்காலம் பூ வரும். கையை மடியில் திரும்ப வைத்துக்கொண்டாள்.

"இந்தத் துப்பாக்கியை நாளைக்கே ஸ்டேஷன்ல குடுத்துர்றேன்" என்றான் அவன். "கடலை போனாப் போகட்டும். வேற என்ன செய்யணும், சொல்லு. ஒனக்கு என்ன வேணுமோ கேளு."

"துப்பாக்கி இருந்தா என்ன, போனா என்ன? எனக்கு அது வேணாம்."

"பின்னே?"

ஏழு வருடமாகத் தொண்டை வரை வந்து திரும்பிப் போன சொற்கள். இப்போதும் திரும்பிப் போகப் பார்த்தன. அவள் விடவில்லை.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு எங்கூட வாங்க. எங்கண்ணன் கடைக்கு. எங்க மதினியும் இருக்கணும், கடையில ஆளு இருந்தா அவங்களும் கேக்கட்டும். அண்ணன் முன்னாடி நின்னு, அவருக்கு இருக்குற அந்த ஒத்தைக் கண்ணைப் பாத்து, அமிர்தம் சரியாத்தான் பொறுக்குனா, அவ கழிச்சதை நான்தான் எடுத்துப் போட்டேன்னு, ஒங்க வாயால சொல்லுங்க."